பின் டயர் ஏன் ரீங்கரிக்கிறது? பேரிங்கை மாற்றும் முன் டயரைத் தடவிப் பாருங்கள்

சுமார் 25,000 கிலோமீட்டர் ஓடிய சின்னக் கார்களில் பின்பக்கத்திலிருந்து ‘வ்வூம் வ்வூம்’ என்று ஒரு சத்தம் கிளம்புவதுண்டு. 40 கிலோமீட்டர் வேகத்தில் லேசாகக் கேட்கும். 70-ஐத் தாண்டினால் பின்சீட்டில் இருப்பவர் பேசுவது முன்னால் கேட்காது. ஒர்க்‌ஷாப்பில் விட்டால் பல இடங்களில் முதலில் வரும் பதில், “வீல் பேரிங் போயிடுச்சு சார்.” சக்கரம் தடையில்லாமல் சுழல உதவும் அந்தப் பேரிங்கை மாற்றிக் காசு கொடுத்து வெளியே வந்தால் அதே சத்தம் கூடவே வரும். முன்சக்கரங்கள் இழுக்கும் கார்களில் இது அடிக்கடி நடக்கிறது. இப்போது ஓடும் ஹேட்ச்பேக்குகளில் பெரும்பாலானவை அந்த வகைதான். சத்தம் எங்கே பிறக்கிறது என்று புரிந்துவிட்டால், இந்த வீண்செலவை வீட்டு வாசலிலேயே தவிர்த்துவிடலாம்.

185/65 R15 அளவுள்ள டயரை எடுத்துக்கொள்வோம். அதன் சுற்றளவு சுமார் 1.95 மீட்டர். 80 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு 11 தடவைக்கு மேல் சுற்றுகிறது. சுற்று முழுக்க ஒரு வரிசையில் 70 ரப்பர் கட்டைகள் (கடைக்காரர்கள் பட்டன் என்பார்கள்) இருந்தால், நொடிக்குக் கிட்டத்தட்ட 800 பட்டன்கள் சாலையில் போய் அறைகின்றன. கைதட்டும்போது உள்ளங்கைகளுக்கு நடுவே நசுங்கும் காற்று வெளியேறுவதைப் போல, பட்டன்களுக்கு இடையிலுள்ள பள்ளங்களிலிருந்தும் காற்று பிதுங்கி வெளியேறுகிறது. அதுவும் சத்தம்தான். எல்லாப் பட்டன்களும் ஒரே நீளத்தில் இருந்தால் அத்தனையும் சேர்ந்து 800 ஹெர்ட்ஸில் ஒற்றைச் சுருதியாகக் காதைத் துளைக்கும். அதனால்தான் டயரை வடிவமைப்பவர்கள் பட்டன்களை நீளமும் குட்டையுமாகக் கலந்து அடுக்குகிறார்கள். சத்தத்தின் ஆற்றல் பல சுருதிகளில் சிதறி, வெறும் ‘உஸ்’ என்ற இரைச்சலாகக் கேட்கிறது. புது டயரை உற்றுப் பார்த்தால் இந்த நீள வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

இந்தக் கவனமான ஏற்பாட்டைத்தான் சீரற்ற தேய்மானம் கெடுக்கிறது.

பின் டயரில் நடப்பதைப் பார்ப்போம். சுற்றி வரும் பட்டன் தரையைத் தொட்டதும் நசுங்குகிறது, வளைகிறது. தரையை விட்டுக் கிளம்பும் கடைசி நொடியில் அதன் மேல் இருக்கும் பாரம் சட்டென்று குறைய, வளைந்திருந்த ரப்பர் பழைய நிலைக்குத் திரும்பும்போது கொஞ்சம் வழுக்குகிறது. கடைசியாகத் தரையை விடுவது பட்டனின் பின்விளிம்பு. அதனால் அந்த விளிம்பு கூடுதலாகத் தேயும், முன்விளிம்பு உயரமாகவே நிற்கும். கார் ஒரு கிலோமீட்டர் போவதற்குள் ஒவ்வொரு பட்டனுக்கும் இது 500 தடவைக்கு மேல் நடந்துவிடுகிறது. முன் டயரில் இன்ஜினின் இழுவிசை எதிர்த்திசையில் வேலை செய்து, இந்தச் சாய்வை ஓரளவு நிரவிவிடும். பின் டயருக்கு அந்த உதவி இல்லை. சும்மா உருள்வதும் பிரேக் பிடிப்பதும்தான் அதன் வேலை. நாளடைவில் பட்டன் வரிசை ரம்பப் பல் போல ஆகிவிடுகிறது. பட்டன்கள் தரையில் மெத்தென்று இறங்காமல் விளிம்பால் அறைகின்றன. தேய்மானம் சுற்று முழுக்க ஒரே அளவில் இருக்காது என்பதால், ஒவ்வொரு சுற்றிலும் சத்தம் ஏறி இறங்குகிறது. ‘வ்வூம் வ்வூம்’ அதுதான்.

இதைக் கண்ணால் பார்ப்பதைவிடக் கையால் கண்டுபிடிப்பது சுலபம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, டயர் ஆறியதும், உள்ளங்கையைப் பின் டயரின் மேல் வைத்துச் சுற்றுப்போக்கில் முன்னும் பின்னும் தடவுங்கள். ஒரு திசையில் வழவழவென்று போகும். எதிர்த்திசையில் ஒவ்வொரு பட்டனின் விளிம்பும் விரலில் இடறும். உள்பக்க ஓரத்தைத் தடவ மறக்க வேண்டாம். வெளியே நல்லபடியாகத் தெரியும் டயர் அங்கே மோசமாகத் தேய்ந்திருக்கலாம். டயருக்குள் இருக்கும் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கையைக் கிழித்துவிடும் என்பதால் முதல் தடவை மெதுவாகத் தடவுங்கள்.

அப்புறம் குறுக்காகத் தடவுங்கள். வெளியிலிருந்து காரின் உள்பக்கம் நோக்கித் தடவும்போது வழவழப்பாகவும், உள்ளிருந்து வெளியே வரும்போது கூர்மையாகவும் இருந்தால், சக்கரங்களின் முன்பக்கம் அளவுக்கு மேல் உள்நோக்கித் திரும்பியிருக்கிறது. நேர்மாறாக இருந்தால் வெளிநோக்கித் திரும்பியிருக்கிறது. சக்கரக் கோணங்களைச் சரிசெய்யும் அலைன்மென்ட் கடையில் ‘டோ’ என்று சொல்வது இந்தக் கோணத்தைத்தான். சக்கரம் வெறும் ஒரு டிகிரி விலகியிருந்தால்கூட, கார் ஒரு கிலோமீட்டர் நேராகப் போவதற்குள் அந்த டயர் சுமார் 17 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுவதற்குச் சமம். ரப்பர் என்ன பாடுபடும்!

தடவும்போது இடைவெளி விட்டுக் குழிகள் தட்டுப்பட்டால் கதை வேறு. அங்கே சந்தேகம் ஷாக் அப்சார்பர் மேலும் பேலன்ஸிங் (சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருப்பது) மேலும் போக வேண்டும். சஸ்பென்ஷனுக்குக் கீழே தொங்கும் சக்கரம் இயல்பாகவே நொடிக்குச் சுமார் 10 முதல் 15 தடவை துள்ளக்கூடியது. 80 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் சுற்றுவதும் நொடிக்கு 11 தடவை. இரண்டும் ஒத்துப்போகும்போது, துள்ளலை அடக்க வேண்டிய ஷாக் அப்சார்பர் பலவீனமாக இருந்தால், டயரின் ஒரே இடம் திரும்பத் திரும்பத் தரையில் குத்துகிறது. அந்த இடம் குழியாகிறது. பேலன்ஸிங் இல்லாத கார் நெடுஞ்சாலையில் 80, 90-ல் மட்டும் அதிர்வதற்கும் இதுவே காரணம்.

காற்று பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு, நடு மட்டும் தேய்ந்திருந்தால் அதிகம். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண் அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. உங்கள் காருக்கான அளவு பெரும்பாலும் ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும்.

சரி, பேரிங்கா டயரா என்று எப்படிப் பிரிப்பது? இரண்டும் காரின் வேகத்தோடு ஏறி இறங்கும் என்பதால்தான் குழப்பமே வருகிறது. சாலையின் மேல்பரப்பு மாறும் இடத்தில் காதைக் கொடுங்கள். தார்ச்சாலையிலிருந்து சிமென்ட் சாலைக்கு ஏறும்போது சத்தத்தின் குணம் சட்டென்று மாறினால் டயர். மாறாமல் ஒரே முனகலாக இருந்தால் பேரிங்காக இருக்க வாய்ப்பு அதிகம். நீளமான வளைவும் உதவும். இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலப்பக்கச் சக்கரங்களுக்கு மாறுகிறது. அப்போது முனகல் கூடினால் வலப்பக்கப் பேரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். இதிலும் தெளிவு வரவில்லை என்றால் முன் டயரையும் பின் டயரையும் இடம் மாற்றிப் போடுங்கள். சத்தம் டயரோடு முன்னால் வந்துவிட்டால் பேரிங் நிரபராதி.

ரம்பப் பல்லாகத் தேய்ந்த டயரைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. முன்னால் போட்டால் கொஞ்ச நாள் சத்தம் கூடக் கேட்கும், பிறகு இழுவிசையில் பல் நிரவிக்கொண்டே வரும். பக்கவாட்டில் அம்புக்குறி இல்லாத டயர் என்றால் இடது வலது மாற்றிச் சுழலும் திசையையே திருப்பலாம். அம்புக்குறி இருந்தால் அதே பக்கத்தில் முன்பின் மட்டும்தான். குழி விழுந்த டயர் மட்டும் பெரும்பாலும் தேறாது. ஷாக் அப்சார்பரைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதிலும் குழி விழும்.

அலைன்மென்ட் செய்யப் போனால் முதலில் லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் கையின் ரப்பர் இணைப்பு), டை ராட் எண்ட் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டு) இரண்டிலும் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டத்தை வைத்துக்கொண்டு கோணத்தைச் சரிசெய்தால் முதல் பள்ளத்திலேயே கலைந்துவிடும். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை அச்செடுத்து வாங்குங்கள். நம் ஊர்ச் சின்னக் கார்கள் பலவற்றில் பின் ஆக்ஸில் ஒற்றை உத்திரமாக இருப்பதால் அங்கே கோணத்தைத் திருத்த போல்ட்டே கிடையாது. அச்செடுத்து வாங்கிய தாளில் பின்சக்கர எண்கள் சிவப்பில் (அதாவது வரம்புக்கு வெளியே) இருந்தால், உத்திரம் வளைந்திருக்கிறதா, அதன் புஷ் தேய்ந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

புது டயர் வாங்கும்போது சத்த அளவைக் குறிக்கும் லேபிளைப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் ஐரோப்பிய லேபிளில் இருப்பது, புது டயரோடு இன்ஜினை அணைத்து, 80 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டிக் காரை உருளவிட்டு, வெளியே 7.5 மீட்டர் தள்ளி வைத்த மைக்கில் பதிவான அளவு. ஒரு வருடம் ஓடிய பிறகு காருக்குள் எப்படிக் கேட்கும் என்பது, 8,000 அல்லது 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றினீர்களா என்பதையும் பொறுத்தது. அந்தத் தேதியையும் கிலோமீட்டரையும் சர்வீஸ் புத்தகத்தில் குறித்து வையுங்கள்.