பியானோவை விற்கும் முன் கீழ்வீட்டில் நின்று கேளுங்கள்

இந்த மாதமும் ஒரு வீடு. கும்பகோணத்தில் மாடிப் போர்ஷன். பையன் லண்டன் டிரினிட்டி கல்லூரியின் பியானோ தேர்வில் மூன்றாம் கிரேடுக்குத் தயாராகிறான், கீழே வீட்டுச் சொந்தக்காரர் குடியிருக்கிறார். "ரூம் முழுக்க ஃபோம் ஒட்டியாச்சு சார், கதவுக்குப் பின்னாடி முட்டை அட்டைகூட அடிச்சிருக்கோம். அப்பவும் கீழ் வீட்டு மாமா வந்து சொல்லிக்கிட்டேதான் இருக்கார். பேசாம வித்துடலாம்னு இருக்கோம்" என்றார் அம்மா. ஃபோமுக்குக் கொடுத்த பணத்தில் பாதிகூட இல்லாமல் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம் இது. தஞ்சாவூர், மயிலாடுதுறை, மன்னார்குடி என்று வகுப்புக்கும் ட்யூனிங்குக்கும் போகிற வீடுகளில் இதையே பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது. நன்றாக வாசிக்கிற பிள்ளைகள் இதனால் பாதியில் நிற்கிறார்கள்.

முதலில் ஃபோம். சுவரில் ஒட்டும் ஃபோம் சத்தத்தை வெளியே போகாமல் தடுக்காது. ஒலிப்பதிவுக் கூடங்களில் அதை ஒட்டுவது வேறு காரணத்துக்காக. அறைக்குள் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்து மைக்கில் விழக் கூடாது, அந்த எதிரொலியைக் குறைக்கத்தான் ஃபோம். சத்தம் சுவரைத் தாண்டாமல் இருக்க வேண்டுமானால் சுவருக்கு எடை வேண்டும். உங்கள் வீட்டு ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் அந்த வேலையை ஏற்கெனவே நன்றாகச் செய்துகொண்டிருக்கிறது. அதன் மேல் கையில் எடுத்தால் காற்றாக இருக்கும் ஒரு பொருளை ஒட்டினால் எடை என்ன கூடிவிடும்? பியானோவின் இடது பக்கத்துக் கனத்த சுரங்கள் ஃபோம் இருப்பதைக் கண்டுகொள்ளவே செய்யாது. முட்டை அட்டை இன்னும் மோசம், அது எதிரொலியைக்கூட ஒழுங்காகக் குறைப்பதில்லை.

இவ்வளவு பேர் ஏன் ஏமாறுகிறார்கள்? ஃபோம் ஒட்டிய அறைக்குள் நின்று கை தட்டிப் பார்த்தால் சத்தம் மங்கிக் கேட்கும். உள்ளே நிற்கிறவருக்கு வேலை நடந்த திருப்தி வந்துவிடுகிறது. பக்கத்து வீட்டில் நின்று யாரும் கேட்டுப் பார்ப்பதில்லை. அதோடு, இப்படிச் செத்துப்போன அறையில் வாசிக்கிற பிள்ளைக்குத் தன் வாசிப்பு எடுபடவில்லை என்று தோன்றும், இன்னும் ஓங்கி வாசிப்பான். கடைசியில் அடுத்த வீட்டுக்கு முன்பைவிட அதிகமாகத்தான் கேட்கும்.

இதில் ஆபத்தும் இருக்கிறது. சாதாரண ஃபோம் சட்டென்று தீப்பிடிக்கும், அதன் புகை விஷம். ஸ்விட்ச் போர்டைச் சுற்றியும் இன்வெர்ட்டர் இருக்கும் மூலையிலும் சாமி விளக்கு மாடத்துக்கு அருகிலும் ஒட்டி வைத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். ஒட்டியிருந்தால் இன்றைக்கே பிரித்து எடுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

சரி, சத்தம் எந்த வழியாகத்தான் போகிறது? முக்கால்வாசி வீடுகளில் கதவுக்கு அடியிலும் ஜன்னலுக்கு மேலே இருக்கும் வென்டிலேட்டரிலும்தான். வரப்பு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் ஒரு நண்டு வளை போதும், வயலில் தேக்கிய தண்ணீர் இறங்கிவிடும் என்பது நம் ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. சத்தமும் அப்படியே. சுவர்ப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மீதிச் சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும், மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. கதவுக்கு அடியில் அடிக்கும் ரப்பர் பட்டை ஹார்டுவேர் கடையில் கிடைக்கிறது. வென்டிலேட்டருக்குத் திறந்து மூடுகிற மாதிரி கண்ணாடி போடுங்கள். வாசிக்கிற நேரம் மட்டும் மூடினால் போதும். சித்திரை வெயிலில் பிள்ளையை அடைத்துப் போட்டு வேகவைக்க வேண்டாம்.

இது காற்று வழி. தரை வழி ஒன்று உண்டு. அதை யாருமே நினைப்பதில்லை.

"டிஜிட்டல் பியானோதான் சார், ஹெட்போன் போட்டுத்தான் வாசிக்கிறா, சத்தமே கிடையாது, அப்புறமும் எப்படிப் புகார் சொல்றாங்க?" என்று கோபப்படுகிறார்கள். கீழ்வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை. விரலால் அழுத்தும் 88 கட்டைகளும் எடை வைத்தவை. ஒவ்வொரு கட்டையும் கீழே போய் முட்டுகிறது, பெடல் முட்டுகிறது. அந்த முட்டல் ஸ்டாண்டின் கால் வழியாகக் கான்கிரீட் தளத்தில் இறங்கி, கீழே படுத்திருப்பவர் தலைக்கு மேல் டொக் டொக் என்று விழுகிறது. அவருக்கு இசை துளியும் கேட்காது, இடி மட்டுமே கேட்கும். அது இன்னும் எரிச்சலான விஷயம்.

அதனால்தான் கீழே போய்க் கேளுங்கள் என்று கெஞ்சுகிறேன். பிள்ளையை வாசிக்கச் சொல்லிவிட்டு, அனுமதி கேட்டு, அவர்கள் படுக்கிற அறையில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். பாட்டு கேட்டால் கதவையும் ஜன்னலையும் கவனிக்க வேண்டும். வெறும் தட்டல் கேட்டால் தரையைக் கவனிக்க வேண்டும். இது தெரியாமல் எதற்கும் பணம் செலவழிக்காதீர்கள்.

தரைக்கு மருந்து எளிது. வாஷிங் மெஷினுக்கு அடியில் போடுகிற மாதிரி தடித்த ரப்பர் பாய், அதன் மேல் கனமான ப்ளைவுட் பலகை, அதன் மேல் ஸ்டாண்ட், பெடல் இரண்டும். சாதாரண ஜமுக்காளம் போதாது. ஸ்டாண்ட் சுவரைத் தொடக் கூடாது. இரும்பு பீரோ மேலும் உள்ளே காலியான மேசை மேலும் கீபோர்டை வைக்காதீர்கள், அந்தப் பெட்டியே அதிர்ந்து சத்தத்தைப் பெருக்கும். கீழ்த்தளத்தில் அறை இருந்தால் பியானோவை அங்கே இறக்கிவிடுங்கள், மேற்கொண்டு படிக்கவே தேவையில்லை.

பெற்றோர்கள் இதையும் செய்கிறார்கள்: புகார் வந்ததும் வால்யூமை அடிமட்டத்துக்கு இறக்கிவிடுவார்கள். பிள்ளைக்குத் தான் வாசிப்பது காதில் விழாது. விழாததால் கட்டையை ஓங்கி அடிப்பான். மணிக்கட்டு இறுகும், தோள் தூக்கும், மென்மையாக வாசிக்கும் பழக்கமே விரலில் ஏறாது. தரையில் இறங்கும் இடியும் கூடும். என் வகுப்பில் ஒரு பிள்ளை திடீரென்று ஓங்கி அடிக்க ஆரம்பித்தால் நான் முதலில் கேட்பதே வீட்டில் வால்யூம் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்றுதான்.

ஹெட்போனில் இதற்கு நேர்மாறான தவறு நடக்கிறது. மேலே ஃபேன் சுற்றும், கூடத்தில் சீரியல் ஓடும், அதை மீற வேண்டி பிள்ளை ஒலியைக் கூட்டிக்கொண்டே போவான். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பு அளவு பெரியவர்களுக்கு 80 டெசிபல், வாரத்துக்கு 40 மணி நேரம். குழந்தைகளுக்கு 75 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் கேட்கக்கூடிய நேரம் பாதியாகிவிடும். காதை முழுவதும் மூடுகிற, பின்பக்கம் அடைத்த ஹெட்போன் வாங்கிக் கொடுங்கள். வெளிச்சத்தம் உள்ளே வராவிட்டால் கூட்ட வேண்டிய அவசியம் வராது. ஒலி அளவு பாதியைத் தாண்ட வேண்டாம். அரை மணிக்கு ஒரு முறை கழற்றச் சொல்லுங்கள். கழற்றியபின் காதில் ஙொய் என்று கேட்டால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள், மறுநாளும் கேட்டால் காது மருத்துவரைப் பாருங்கள். ப்ளூடூத் ஹெட்போன் வேண்டவே வேண்டாம். விரல் அழுத்திய பிறகு சத்தம் பிந்தி வரும், தாளம் கெட்டுப்போகும், அதைச் சரிசெய்ய எனக்கு மாதக்கணக்காகும்.

மின்சாரம் இல்லாமல், சுத்திகள் கம்பியைத் தட்டி ஒலிக்கும் மரப் பியானோ வைத்திருப்பவர்கள் டெல்டாவில் குறைவு. நிமிர்ந்து நிற்கும் (அப்ரைட்) பியானோவில் சத்தம் பெரும்பாலும் பின்பக்க ஒலிப்பலகையிலிருந்து வருகிறது. அந்த முதுகைப் பக்கத்து வீட்டோடு ஒட்டிய பொதுச்சுவரில் சாய்த்து வைப்பதுதான் வழக்கமாக நான் பார்க்கும் தவறு. அக்கிரகாரத்து வரிசை வீடுகளில் இது நேராக அடுத்த கூடத்துக்கே போகும். உள்சுவர்ப் பக்கம் திருப்பி, ஒரு சாண் இடைவெளி விட்டு வையுங்கள். பல பியானோக்களில் நடுப் பெடலை அழுத்திப் பக்கவாட்டில் தள்ளினால் சுத்திகளுக்கும் கம்பிகளுக்கும் நடுவே ஒரு கம்பளித் துணி இறங்கும். அது பயிற்சிக்கென்றே வைத்தது. பின்னால் கனத்த போர்வை தொங்கவிடலாம், ஆனால் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அப்படியே விட்டுவிடாதீர்கள். பூஞ்சை பிடிக்கும், பூச்சி உள்ளே இருக்கும் கம்பளியைத் தின்றுவிடும்.

நேரம் பற்றிச் சட்டமே இருக்கிறது. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. வீட்டில் வாசிக்கும் கருவியின் சத்தம் உங்கள் எல்லையில் அந்த அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. மரப் பியானோவைப் பலமாக வாசித்தால் அறைக்குள் 80-ஐத் தாண்டும். ஆகவே ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு இரவு 10 மணிக்கு மேல் வாசிப்பது தவறு. பரீட்சை மறுநாளாக இருந்தாலும் தவறுதான்.

ஆனால் எனக்குத் தெரிந்த சண்டைகள் எதுவும் டெசிபலால் வந்தவை இல்லை. ஒரே நான்கு பாரை (தாளக் கட்டங்களை) அரை மணி நேரம் விடாமல் திரும்ப வாசிப்பதுதான் அடுத்தவரைப் பைத்தியமாக்குகிறது. நாகஸ்வரம் படிக்கிற பிள்ளை தோப்புக்கோ ஆற்றங்கரைக்கோ போய் ஊதலாம். பியானோவைத் தூக்கிக்கொண்டு யாரும் காவிரிக் கரைக்குப் போக முடியாது. ஆகவே சிக்கலான இடத்தை முதலில் சத்தமில்லாமல் பழக வையுங்கள்: நோட்டைப் பார்த்து வாயால் பாடுவது, மேசை மேல் விரல் வைத்துப் பார்ப்பது, டிஜிட்டலாக இருந்தால் மின்சாரத்தை அணைத்துவிட்டு மெதுவாகக் கட்டைகளை அழுத்துவது. பிறகு சத்தத்தோடு பத்து நிமிடம் போதும். எந்தப் பிள்ளைக்கும் இது நல்ல பயிற்சி, புகார் இல்லாத வீட்டிலும்.

வீட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் அவனையும் உட்கார வைத்து நேரம் பேசுங்கள். தாத்தா மத்தியானம் கண்ணயரும் நேரம், அப்பாவுக்கு நைட் ஷிஃப்டா என்பது, எல்லாவற்றையும் வைத்து ஒரு முக்கால் மணி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தை அடுத்த வீட்டிலும் கீழ்வீட்டிலும் நீங்களே போய்ச் சொல்லுங்கள், பரீட்சை எந்த வாரம் என்பதையும் சொல்லுங்கள். முடியும் நேரம் தெரிந்துவிட்டால் மனிதர்கள் நிறையப் பொறுத்துக்கொள்வார்கள். அந்த முக்கால் மணிக்குள் தயவுசெய்து சமையலறையிலிருந்து "போதும் நிறுத்துடா" என்று குரல் கொடுக்காதீர்கள். நேரம் முடிந்ததும் உள்ளே போய், அவன் வாசிக்கிற பகுதி முடியும்வரை நின்றுவிட்டுச் சொல்லுங்கள்.