வெள்ள நிவாரணத்தில் பாகுபாடு: 61-வது பிரிவு என்ன சொல்கிறது?

2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் 61-வது பிரிவு ஒரே ஒரு வாக்கியம்தான். பேரிடரால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடும் நிவாரணமும் வழங்கும்போது பால், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் ஆகிய எதன் அடிப்படையிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது அது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு, படகையும் வலையையும் இழந்தவர்களை முன்வைத்தே கணக்கெடுப்பு நடந்ததால், கடலோரத்துத் தலித் கூலித் தொழிலாளர்களும் இருளர் குடும்பங்களும் பட்டியலில் விடுபட்டதாகத் தமிழ்நாட்டில் புகார்கள் எழுந்தன. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரைக் கத்ரினா புயல் தாக்கியபோது, சொந்தக் கார் உள்ளவர்கள் வெளியேறிவிட, கார் இல்லாமல் வெள்ளத்தில் சிக்கிக்கொண்டவர்களில் பெரும்பாலோர் கறுப்பின ஏழைகளாக இருந்தனர். இரண்டு இடங்களிலும் யாரும் யாரையும் வாய்விட்டு ஒதுக்க வேண்டியிருக்கவில்லை. உடைமை உள்ளவரை மனத்தில் வைத்துப் போட்ட திட்டமே அந்த வேலையைச் செய்துவிட்டது.

படகும் காரும் வகித்த அந்த இடத்தைச் சென்னையில் குடும்ப அட்டை பிடித்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு அறிவிக்கப்பட்ட 6,000 ரூபாய், டோக்கன் கொடுத்து ரேஷன் கடை வழியாகவே வழங்கப்பட்டது. அட்டை இல்லாதவர்கள் தனியே விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. கூட்டநெரிசலைச் சமாளிக்க இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அடையாறு, கூவம் கரைகளிலிருந்து பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்ட ஒரு குடும்பத்தின் அட்டையில் பழைய முகவரியே இருந்தால், அல்லது வாடகைக்குக் குடியிருப்பவரிடம் ஒப்பந்தம் எழுதித்தர வீட்டு உரிமையாளர் மறுத்தால், வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றதை எந்தக் காகிதத்தைக் கொண்டு மெய்ப்பிப்பது? இப்படி மறுகுடியமர்த்தப்பட்டவர்களில் பட்டியல் சாதியினர் பெருமளவில் இருப்பதால், முகவரிச் சிக்கல் நடைமுறையில் சாதிச் சிக்கலாகவும் ஆகிவிடுகிறது.

பிரிவின் வரம்புகளையும் சொல்லியாக வேண்டும். மொழியும் பிறந்த இடமும் அந்தப் பட்டியலில் இல்லை. வடமாநிலக் கட்டுமானத் தொழிலாளர்களும் முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களும் அரசியலமைப்பின் 14-வது பிரிவையே பெரிதும் சார்ந்திருக்க வேண்டும். அது குடிமக்கள் என்று சுருக்காமல், எந்த நபருக்கும் சட்டத்தின் முன் சமத்துவத்தை மறுக்கக் கூடாது என்கிறது. மேலும், 61-வது பிரிவை மீறினால் தண்டனை என்ன என்று அந்தப் பிரிவே கூறவில்லை. கடமை தவறும் அதிகாரிக்கு 56-வது பிரிவின்கீழ் ஓராண்டு வரை சிறையோ அபராதமோ விதிக்கலாம். ஆனால் வழக்குத் தொடர அரசின் முன் அனுமதி தேவை என்பதால் அதை நம்பி இறங்குவது வீண் அலைச்சலாகவே முடியும்.

ஆகவே, விடுபட்டவர்கள் முதலில் வட்டாட்சியரிடமும் பிறகு மாவட்ட ஆட்சியரிடமும் 61-வது பிரிவைக் குறிப்பிட்டு எழுத்து மூலம் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். ஒரே தெருவில் கிடைத்தவர், கிடைக்காதவர் விவரத்தை வீட்டு எண்ணோடு சேர்த்து எழுதிக் கூட்டாகக் கொடுக்கும் மனுவைத் தட்டிக்கழிப்பது கடினம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில், தங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட காரணத்தையும் பயனாளிகளைத் தேர்ந்தெடுத்த விதிமுறையையும் கேட்கலாம்; 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அதற்குப் பிறகும் தீர்வு கிடைக்காவிட்டால் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான் வழி. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் அதிகாரிகள் எடுத்த நடவடிக்கைகளைப் பற்றிய வழக்குகளை உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் தவிர வேறு நீதிமன்றங்கள் விசாரிக்க முடியாது என்று அதன் 71-வது பிரிவு கூறுவதால், கீழமை நீதிமன்றத்துக்குச் சென்று காலத்தை இழக்க வேண்டாம்.