குழியை அடைப்பதற்கு முன்னால்

கல் நினைவுச்சின்னங்களைப் பராமரிப்பது என் தொழில். வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் கல்லைக் காட்டிய கையோடு சொல்வது, "இந்தப் பொத்தலை எல்லாம் சிமெண்ட் வைத்து அடைத்துவிடுங்கள் சார்" என்பதுதான். அவர்களுக்கு லண்டனில் தேம்ஸ் கரையில் நிற்கும் 'கிளியோபாட்ராவின் ஊசி'யின் கதையைச் சொல்வேன்.

பெயர்தான் கிளியோபாட்ரா. அவள் பிறப்பதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முன்பே, மூன்றாம் துட்மோஸ் என்ற எகிப்திய மன்னன் அஸ்வான் கிரானைட்டில் வெட்டுவித்த தூண் அது. உயரம் சுமார் 21 மீட்டர். பிரெஞ்சுக்காரர்களை எகிப்தில் பிரிட்டன் வென்றதன் நினைவாக 1819-ல் எகிப்தை ஆண்ட முகமது அலி அதைப் பரிசளித்தார். கொடுத்தது சரி, கொண்டுபோகிற செலவு யாருடையது? அந்தக் கேள்வியிலேயே ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. கடைசியில் இராஸ்மஸ் வில்சன் என்ற மருத்துவர் பணம் தந்தார். 1877-ல் கல்லை, ஆட்களோடு கப்பல் போல மிதக்கும் இரும்பு உருளைக்குள் வைத்துக் கடலில் இழுத்து வந்தபோது பிஸ்கே விரிகுடாவில் புயல். உருளையில் இருந்தவர்களைக் காப்பாற்றப் போன ஆறு மாலுமிகள் இறந்தார்கள். அவர்கள் பெயர்கள் பீடத்தில் இருக்கின்றன. எனக்கு அந்தத் தூணில் பிடித்த பகுதியே அதுதான். 1878 செப்டம்பரில் தூணை நிறுத்தினார்கள்.

1917 செப்டம்பர் 4, நள்ளிரவுக்குச் சில நிமிடங்கள் முன்பு ஜெர்மன் விமானம் வீசிய குண்டு பக்கத்துச் சாலையில் விழுந்தது. பீடத்தில் குழிகள், வலப்பக்க வெண்கல ஸ்பிங்க்ஸின் (மனிதத் தலையும் சிங்க உடலுமான சிலை) உடம்பில் ஓட்டைகள். எதையும் அடைக்கவில்லை. எப்படி வந்த காயம் என்று ஒரு பலகையில் எழுதி அங்கேயே வைத்துவிட்டார்கள்.

இதன் ஜோடிக் கல் நியூயார்க்கில் இருக்கிறது. அதன்மேல் குண்டு எதுவும் படவில்லை. ஆனாலும் 1881-ல் நிறுத்திய சில ஆண்டுகளிலேயே மேற்புறம் பொரிந்து உதிர ஆரம்பித்து, 1885-ல் பாரபின் மெழுகு பூச வேண்டி வந்தது. பழங்காலத்தில் சாய்ந்து மண்ணில் கிடந்தபோது உறிஞ்சிய உப்புதான் காரணம் என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். ஈரம் ஏறி இறங்கும்போதெல்லாம் உள்ளே உப்பு படிகமாகிக் கல்லை நெம்பும்.

சிமெண்ட்டிலும் தண்ணீரில் கரையும் உப்பு உண்டு. அடைத்த குழியைச் சுற்றி வெள்ளையாகப் பூத்து, நகத்தால் சுரண்டினால் கல்லே மாவாக உதிர்வதை எத்தனையோ இடங்களில் பார்த்திருக்கிறேன். அப்புறம் அந்தச் சிமெண்ட்டைப் பெயர்த்தால் கல்லும் சேர்ந்து வரும். பீடத்தின் அடியில் தண்ணீர் தேங்குகிறதா என்று முதலில் குனிந்து பாருங்கள். குழி அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.