தாத்தா காலத்துக் காரைப் புதுப்பிக்கப் போகிறீர்களா? ஸ்பானருக்கு முன் ஆர்.சி. புக்கை எடுங்கள்

மேலூர், உசிலம்பட்டி, சோழவந்தான் பக்கம் பழைய வீடுகளின் பின்கட்டில் இன்னும் சில அம்பாசடர்களும் பியட்களும் தார்ப்பாய்க்குள் நிற்கின்றன. வெளியூரில் வேலை பார்க்கும் பேரனுக்கோ பேத்திக்கோ ஒருநாள் அதை ஓடவைத்துப் பார்க்கும் ஆசை வரும். நல்ல ஆசை. ஆனால் முதல் போன் டிங்கரிங் பட்டறைக்கும் மெக்கானிக்குக்கும் போய்விடுகிறது. லட்சக்கணக்கில் செலவழித்து, பளபளவென்று வண்டி வெளியே வந்த பிறகுதான் ஆர்.டி.ஓ. அலுவலகம் நினைவுக்கு வருகிறது. அங்கே போனால், பட்டறையில் செய்த வேலையே தடையாக நிற்கலாம்.

அதனால் முதலில் வீட்டில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். இந்த வண்டி ரோட்டில் எதற்காக ஓடப் போகிறது? எந்தப் பதிவு (பழமையான வண்டி என்ற 'விண்டேஜ்' பதிவா, சாதாரணப் பதிவா), என்ன கட்டணம், பட்டறையில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பது எல்லாம் அந்தப் பதிலில் இருந்துதான் தொடங்கும்.

விண்டேஜ் என்று அரசு எதைச் சொல்கிறது?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் திருத்தம் கொண்டுவந்து, விண்டேஜ் வாகனங்களுக்கென்று 81ஏ முதல் 81ஜி வரை தனி விதிகளைச் சேர்த்தது. அதற்கு முன் நாடு முழுவதற்குமான பொதுவான முறை எதுவும் இல்லை. இந்த விதிப்படி, முதல் பதிவு நாளில் இருந்து 50 ஆண்டுகளைத் தாண்டிய இருசக்கர வாகனமும் நான்கு சக்கர வாகனமும் விண்டேஜ் ஆகலாம். கணக்கு தொடங்குவது முதல் பதிவுத் தேதியில்தான். 1974 கடைசியில் தயாராகி 1976-இல் பதிவான வண்டிக்கு 1976-இல் இருந்துதான் வயது.

சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் உற்பத்தி 1971-லேயே நின்றுவிட்டது. எனவே நம் ஊரில் மிஞ்சியிருக்கும் ஹெரால்டுகளுக்கு வயது ஒரு பிரச்சினையே இல்லை. பியட் 1100, மார்க் 1, மார்க் 2 அம்பாசடர்களில் பெரும்பாலானவையும் அப்படித்தான். 'பத்மினி' என்று பேர் போட்டு வந்த வண்டிகள் இப்போதுதான் ஒவ்வொன்றாக எல்லையைத் தொடுகின்றன. பழைய புல்லட், ஜாவா, லாம்பிரெட்டா வைத்திருப்பவர்களும் இதே விதிக்குள் வருவார்கள். டி.வி.எஸ். 50-க்கு 2030 வரை பொறுத்திருக்க வேண்டும், அது வந்ததே 1980-இல். மாருதி 800-க்கு இன்னும் தாமதம், முதல் வண்டி 1983 டிசம்பரில்தான் வந்தது.

நான்கு சக்கரம் என்றால் எல்லாமும் இல்லை. ஓட்டுநர் தவிர எட்டுப் பேர் வரை போகும் பயணிகள் வாகன வகைக்குத்தான் இந்த விதி. பஸ், லாரி, டிராக்டருக்கு இதில் இடமில்லை. பஸ் தொழிலுக்குப் பேர்போன மதுரையில் பழைய பஸ்ஸைப் பாதுகாக்க நினைப்பவர்களுக்கு வழி இல்லாமல் இருப்பது எனக்கு வருத்தம்தான்.

வயது மட்டும் போதாது. வண்டி அதன் அசல் வடிவில் பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும், பெரிய அளவில் மாற்றியமைக்கப்பட்டிருக்கக் கூடாது என்கிறது விதி. சேசிஸ் (அடிச்சட்டம்), பாடி ஷெல் (வெளிக்கூடு), எஞ்சின் ஆகியவற்றில் செய்யும் மாறுதலை அது குறிப்பாகவே சொல்கிறது. புதுப்பிக்கும் திட்டத்தை இந்த ஒரு வரியை வைத்துத்தான் போட வேண்டும்.

பட்டறையில் கவனிக்க வேண்டியது

நம் பக்கத்தில் நடந்தது என்னவென்றால், பெட்ரோல் விலை ஏற ஏற, அம்பாசடர்களில் வேறு வண்டியின் டீசல் எஞ்சினைத் தூக்கி வைத்தார்கள். வாடகைக்கு ஓட்டியவர்களுக்கு அன்றைக்கு அதுதான் கட்டுப்படியானது, அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 1960-களில் பதிவான மார்க் 2 கம்பெனியில் இருந்து 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினோடுதான் வந்தது. பானட்டைத் திறந்தால் டீசல் எஞ்சின் இருக்கிறது என்றால், அந்த நிலையில் அது விண்டேஜ் பதிவுக்குத் தேறாது. முதலில் ஆர்.சி.யில் எஞ்சின் எண், எரிபொருள் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பிறகு எஞ்சினில் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். இரண்டும் பொருந்தவில்லை என்றால், ஒரு ரூபாய் செலவழிக்கும் முன்பே அதற்கு வழி தேட வேண்டும். அசல் எஞ்சின் கொட்டகை மூலையில் சாக்குப் போர்த்திக் கிடந்தால் அதைப் போல அதிர்ஷ்டம் வேறில்லை. துருப்பிடித்து இறுகியிருந்தாலும் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். ரீபோர் செய்து (சிலிண்டரைக் கடைந்து), பிஸ்டன், ரிங் மாற்றினால் அது அதே எஞ்சின்தான், அதே எண்தான்.

அடுத்தது சேசிஸ் எண். பதிவுக்கான விண்ணப்பத்தில் பென்சில் பிரிண்ட் கேட்பார்கள். பொறித்த இடத்தின் மேல் மெல்லிய தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எழுத்தும் எண்ணும் வெள்ளையாக எழும்பி வரும். பழைய வண்டியில் அந்த இடத்தில் பல கோட் பெயின்ட் ஏறியிருக்கும். பட்டறைப் பையன் அந்த இடத்தையும் சேர்த்து கிரைண்டரில் தேய்த்து, பட்டி பூசி, பிரைமர் அடித்துவிட்டால் எண் மங்கிப்போகும். மங்கிய எண்ணைப் பார்க்கும் அதிகாரிக்கு இது திருட்டு வண்டியோ என்ற சந்தேகம் வருவது இயல்பு. எனவே வண்டியைப் பிரிப்பதற்கு முன்னால் மண்ணெண்ணெய்த் துணியால் மெதுவாகத் துடைத்து, பென்சில் பிரிண்ட் இரண்டு மூன்று எடுத்து, தெளிவாகப் போட்டோவும் எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் டேப் ஒட்டி, "இதைத் தொடக்கூடாது" என்று பட்டறையில் வாய்விட்டே சொல்லுங்கள்.

துருப்பிடித்த தரைத் தகட்டை வெட்டி மாற்றலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஹெரால்டில் சேசிஸ் தனி, பாடி அதன் மேல் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும். அம்பாசடரில் அப்படி இல்லை, பாடியே சேசிஸ் வேலையையும் பார்க்கிறது. அதனால் அம்பாசடரின் தரையை வெட்டுவது சின்ன வேலை இல்லை. அழுகிய இடத்தை அதே வடிவில், அதே இடத்தில் தகடு வைத்து மூடுவது பழுது நீக்கம், ரூஃபை வெட்டுவதும் நீளத்தைக் குறைப்பதும் மாறுதல் என்பது என் புரிதல். முடிவு சொல்லப் போவது வண்டியைப் பார்வையிடும் மாநிலக் குழு. அவர்களிடம் காட்ட வேலைக்கு முன், நடுவில், பின் என்று தேதியோடு படங்கள் வைத்திருங்கள். வண்டியின் நிறம் ஆர்.சி.யில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். ஏ.சி., அகலமான அலாய் வீல் மாதிரி ஆசைகளை இந்த வண்டியில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

விண்டேஜ் பதிவா, சாதாரணப் பதிவா?

விண்டேஜ் பதிவு பெற்ற வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது, வணிகத்துக்கும் ஓட்டக் கூடாது. கண்காட்சி, விண்டேஜ் பேரணி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு, இவற்றுக்காகப் போய்வருவது ஆகியவற்றுக்கு மட்டுமே அனுமதி. கல்யாணத்துக்குப் பூ அலங்காரத்தோடு வாடகைக்கு விடவோ, ஷூட்டிங்குக்குக் கூலிக்கு அனுப்பவோ நினைத்தால் இந்தப் பதிவு உதவாது. சித்திரைத் திருவிழாவுக்கு அம்மாச்சியை முன்சீட்டில் உட்காரவைத்து ஊரில் இருந்து மதுரைக்கு ஓட்டிவர வேண்டும், ஞாயிற்றுக்கிழமை அழகர்கோவில் போய்வர வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்றால், சாதாரண ஆர்.சி.யைப் புதுப்பித்துக்கொள்வதே சரி.

சாதாரணப் பதிவு முதலில் 15 ஆண்டு செல்லும். அதன்பின் படிவம் 25 கொடுத்து, வண்டியை ஆய்வுக்குக் காட்டி, ஐந்தைந்து ஆண்டாக நீட்டிக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் வந்த திருத்தத்தின்படி 20 ஆண்டு தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 10,000 ரூபாய். பசுமை வரியும், விட்டுப்போன காலத்துக்கான தாமதக் கட்டணமும் தனி. விண்டேஜ் பதிவுக்கு 20,000 ரூபாய், அது 10 ஆண்டு செல்லும். அதன்பின் மறுபதிவுக்கு 5,000. ஆக முதல் பத்தாண்டுக்குப் புதுப்பிப்புக் கட்டணத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். கட்டணத்தைப் பார்த்து முடிவெடுக்காமல், வண்டியின் உபயோகத்தைப் பார்த்து முடிவெடுங்கள் என்பதுதான் என் யோசனை. ஓட்டி மகிழ நினைக்கிற குடும்பத்துக்கு விண்டேஜ் பதிவு ஒரு கட்டுப்பாடாகத்தான் இருக்கும். சேகரித்து, காட்சிக்கு வைத்துப் பாதுகாக்க நினைப்பவருக்கு அது பொருத்தமானது.

விண்ணப்பம் எப்படி?

மத்திய அரசின் பரிவாகன் இணையதளம் வழியாகப் படிவம் 20-இல் விண்ணப்பிக்க வேண்டும். கூடவே இன்சூரன்ஸ் பாலிசி, கட்டணம், இந்தியாவில் ஏற்கெனவே பதிவான வண்டி என்றால் பழைய ஆர்.சி., இறக்குமதி வண்டி என்றால் சுங்க இறக்குமதிப் பத்திரம். இதற்கென்று மாநிலத்தில் ஒரு பொறுப்பு அதிகாரி இருப்பார். குழு வண்டியைப் பார்த்து, தகுதி உண்டா இல்லையா என்று சொல்லும். 60 நாளுக்குள் படிவம் 23ஏ-இல் பதிவுச் சான்று தர வேண்டும் என்பது விதி. புதிதாக எண் வாங்கினால் மாநில எழுத்துகளுக்குப் பின் விண்டேஜைக் குறிக்கும் 'வி.ஏ.' வரும். ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். தாத்தா காலத்து மூன்றெழுத்து நம்பர் பிளேட்டைப் பார்த்தாலே ஊரில் "அவுக வீட்டு வண்டி" என்று சொல்வார்கள். டி.என். 58, 59, 64 என்று மதுரை எண்கள் எத்தனை வந்தாலும் அது ஈடாகாது. அந்த எண்ணைக் கட்டாயம் காப்பாற்றுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஆர்.சி. யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் இறந்துபோன தாத்தா பேரில்தான் இருக்கும். உரிமையாளர் இறந்தால் வாரிசு 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் பெயர் மாற்றம் கேட்க வேண்டும். நம் வீடுகளில் யாரும் செய்திருக்க மாட்டார்கள். இறப்புச் சான்றும், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றும் வேண்டும். வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். பெரியப்பா மக்கள், அத்தை மக்கள் எல்லோருடைய சம்மதத்தையும் எழுத்தில் வாங்குங்கள். பணம் போட்டு வண்டி மினுங்கத் தொடங்கிய பிறகு கேட்டால், அதுவரை தார்ப்பாயைத் தூக்கிக்கூடப் பார்க்காதவர்களுக்கும் பங்கு நினைவுக்கு வரும்.

ஆர்.சி. தொலைந்திருந்தால் போலீஸில் புகார் கொடுத்து, படிவம் 26-இல் நகல் கேட்கலாம். வெளியில் இருந்து வண்டி வாங்குகிறவர்களுக்குச் சொல்வது: "பேப்பர் இல்லை, அதனால்தான் விலை குறைவு" என்று யார் சொன்னாலும் வாங்காதீர்கள். தேனி பக்கமாகக் கேரள வண்டி வருவது உண்டு. அதற்குத் தடையில்லாச் சான்று, படிவம் 28, கையில் வந்த பிறகு பணம் கொடுங்கள்.

பதிவு காலாவதியான வண்டியைப் பட்டறைக்குச் சொந்தமாக ஓட்டிப் போகக் கூடாது. ரெக்கவரி வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். விண்டேஜ் என்று பதிவான தனியார் காருக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் பிரீமியத்தில் 50 சதவீதத் தள்ளுபடி 2022 ஜூனில் இருந்து உண்டு. சொந்தச் சேதத்துக்கான பாலிசி எடுக்கும்போது, வண்டியின் மதிப்பை இருதரப்பும் பேசி முன்கூட்டியே முடிவு செய்யும் முறையைக் கேளுங்கள். வழக்கமான தேய்மானக் கணக்கில் போனால் 50 வயது காருக்கு ஒன்றும் மிஞ்சாது.

விண்டேஜாகப் பதிவான வண்டியைப் பின்னாளில் விற்கலாம். விற்பவரும் வாங்குபவரும் அவரவர் மாநிலப் போக்குவரத்து அதிகாரிக்கு 90 நாளுக்குள் தெரிவித்துவிட வேண்டும்.