லேபிள் அச்சடிக்கும் முன்: பொட்டலப் பொருள் விதிகள் கேட்பது என்ன?

சிறுதொழில் தொடங்குபவர்கள் லேபிள் என்றதும் லோகோவையும் நிறத்தையும்தான் முதலில் யோசிக்கிறார்கள். சட்டம் கேட்கும் விவரங்கள் கடைசியில், மிஞ்சிய மூலையில் பொடி எழுத்தில் போய் ஒடுங்குகின்றன. இந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள். சட்டத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று முதலில் ஒதுக்கிவிட்டு, மீதியை டிசைனரிடம் கொடுங்கள்.

முன்கூட்டியே பாக்கெட் போட்டு, இந்தியாவில் சில்லறையில் விற்கும் பொருள்களுக்கு சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள், 2011 பொருந்தும். சோப்பு, மெழுகுவத்தி, மசாலாத் தூள் எதுவானாலும் சரி. வீட்டிலேயே செய்கிறோம், மகளிர் குழுவாகச் செய்கிறோம் என்பதற்காகச் சலுகை கிடையாது. 10 கிராம் அல்லது 10 மில்லி வரையுள்ள குட்டிப் பாக்கெட்டுகளுக்குப் பொதுவாக விலக்கு உண்டு. அதையும் சில பொருள்களுக்குத் தருவதில்லை.

லேபிளில் கட்டாயம் இருக்க வேண்டியவை: தயாரிப்பவர் அல்லது பேக்கிங் செய்பவரின் பெயர், முழு முகவரி, பொருளின் பொதுப்பெயர், நிகர எடை, அளவு அல்லது எண்ணிக்கை, தயாரித்த மாதமும் வருடமும், எம்ஆர்பி, ஓர் அலகின் விலை, புகார் சொல்ல ஒரு முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல். வெளிநாட்டிலிருந்து வந்த சரக்கானால் எந்த நாடு என்பதும் வேண்டும். பொதுப்பெயரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிராண்டுக்கு என்ன அழகான பெயர் வைத்தாலும், உள்ளே இருப்பது குளியல் சோப்பா துணி சோப்பா என்று தனியாகச் சொல்லியாக வேண்டும்.

நம் ஊரில் அதிகம் சறுக்கும் இடம் மொழி. கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருக்க வேண்டும் என்கிறது விதி. கூடுதலாக எந்த மொழியையும் சேர்க்கலாம். ஆக, தமிழில் மட்டும் அச்சிட்ட லேபிள் செல்லாது. வாங்குபவர் தமிழ் படிப்பவராக இருந்தாலும் நிலைமை அதுதான். எனக்கு இது நியாயமாகப் படவில்லை, ஆனால் விதி அப்படித்தான் இருக்கிறது. தமிழைப் பெரிதாகவும் ஆங்கிலத்தைப் பக்கத்திலும் போட்டு இரண்டையும் சரிக்கட்டலாம்.

அடுத்தது எடை. டப்பா, கவர் எடை இதில் சேராது, உள்ளே இருக்கும் சரக்கின் எடை மட்டுமே. ஒரு கிலோவுக்குக் குறைவென்றால் கிராமில் எழுத வேண்டும், 0.5 கிலோ என்று போடக்கூடாது, 500 கிராம் என்றுதான் போட வேண்டும். கிராமுக்குக் குறியீடு 'ஜி' என்ற ஒற்றை ஆங்கிலச் சிறிய எழுத்து. 'ஜிஎம்', 'ஜிஎம்எஸ்' எல்லாம் பழக்கத்தில் வந்தவை, விதிப்படி தவறு. 'சுமார்', 'ஏறத்தாழ' போன்ற சொற்களுக்கும் இடமில்லை. எடையைச் சுற்றிக் காலியிடமும் விட வேண்டும்: மேலும் கீழும் அந்த எண்ணின் உயரம் அளவுக்கு, இடமும் வலமும் அதைப் போல இருமடங்கு. ஓரத்தில் பூவேலை வைக்க ஆசைப்படும் டிசைனரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாக்கெட்டின் அளவு கூடக் கூட எண்ணின் உயரமும் கூட வேண்டும். எழுத்தின் அகலம் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது என்பதால், ஒல்லியான நவீன எழுத்துருக்கள் சில அடிபட்டுப் போகும். பின்னணியிலிருந்து பளிச்சென்று பிரிந்து தெரிய வேண்டும் என்பதும் விதி. பழுப்பு அட்டையில் வெளிர் தங்க நிறம் வேண்டாம்.

எம்ஆர்பி எல்லா வரியும் சேர்ந்த விலை. அதற்கு மேல் ஜிஎஸ்டி தனி என்று வாங்க முடியாது. அதன் பக்கத்தில் அலகு விலை: ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் கிராமுக்கு எவ்வளவு, அதற்கு மேற்பட்டதில் கிலோவுக்கு எவ்வளவு என்று. 250 கிராம் 100 ரூபாய் என்றால், ஒரு கிராம் ரூ.0.40.

விலை ஏறிவிட்டது, பழைய லேபிள் ஆயிரக்கணக்கில் கிடக்கிறது, மேலே ஸ்டிக்கர் ஒட்டலாமா? கூடாது. விலையைக் குறைக்க மட்டுமே ஸ்டிக்கர் ஒட்டலாம், அப்போதும் பழைய விலை மறையக் கூடாது. இதற்கு ஒரு வழி இருக்கிறது. மாறாத விவரங்களை மட்டும் மொத்தமாக அச்சடித்துவிட்டு, விலைக்கும் மாதத்துக்கும் வெற்றிடம் விட்டு, பேக்கிங்கின்போது முத்திரை குத்திக்கொள்ளலாம். தெளிவாகப் படிக்க முடிந்தால் கையெழுத்தில்கூட நிரப்பலாம். ஈரம் பட்டால் அழியாத மையாக இருக்கட்டும்.

உணவுப் பொருளுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் லேபிள் விதிகளும் சேரும்: 14 இலக்க உரிம அல்லது பதிவு எண், சேர்மானப் பட்டியல், சைவ அசைவக் குறி, எதுவரை நன்றாக இருக்கும் என்ற தேதி. அழகுசாதனப் பொருளுக்கு வேறு விதிகள் உண்டு.

ஆன்லைனில் விற்பவர்கள், தயாரித்த மாதம் வருடம் தவிர மற்ற கட்டாய விவரங்களை விற்பனைப் பக்கத்திலும் காட்ட வேண்டும். பாக்கெட்டில்தான் இருக்கிறதே என்று விட்டுவிட முடியாது.

அப்புறம் பதிவு. பாக்கெட் போட ஆரம்பித்த 90 நாளுக்குள் தயாரிப்பாளராகவோ பேக்கராகவோ பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் ரூ.500. தமிழ்நாட்டில் இதைத் தொழிலாளர் துறை கவனிக்கிறது. லேபிளில் போடும் பெயரும் முகவரியும் பதிவில் உள்ளதோடு அச்சு அசலாகப் பொருந்துகின்றனவா என்று பார்த்துவிட்டு அச்சகத்துக்கு ஃபைலை அனுப்புங்கள்.