நிறைமாதத்தில் குழந்தை அடங்கிவிடாது

போன வாரம் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் வந்தார். தலைப்பிரசவம், 37 வாரம். முந்தைய நாள் காலையிலிருந்தே அசைவு குறைவு. மாமியாரிடம் சொல்லியிருக்கிறார். “வலி எடுக்கப்போகிறது, அதுதான் பிள்ளை அடங்கிக் கிடக்கிறது” என்றாராம். இரவில் அசைவே இல்லை. விடியட்டும் என்று இருந்துவிட்டார்கள். குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கும் டாப்ளர் கருவியை வயிற்றில் நகர்த்தி நகர்த்தி வைத்துப் பார்த்தேன். தாயின் நாடி மட்டும்தான் கேட்டது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்படி நான் பார்ப்பது இது முதல் முறை அல்ல.

ஐந்தாம் மாதத்தில் இதே பெண்கள்தான் பதறிக்கொண்டு வருகிறார்கள், “ஓரகத்திக்கு நாலாம் மாதமே தெரிந்தது, எனக்கு இன்னும் இல்லை” என்று. ஓரகத்திக்கு அது இரண்டாவது பிள்ளையாக இருக்கும். முன்பே பெற்றவர்கள் 16 வாரத்திலேயே உணரலாம். தலைப்பிரசவத்தில் பெரும்பாலும் 18 முதல் 20 வாரம் ஆகும். நஞ்சுக்கொடி முன்பக்கம் இருந்தால் இன்னும் தள்ளிப்போகும். முதலில் வருவது உதையும் அல்ல. வாய்க்கால் தண்ணீரில் கெண்டைக் குஞ்சு புரள்வதுபோல லேசான ஒரு சலனம். வாயு என்றே பலர் விட்டுவிடுகிறார்கள். 24 வாரம் ஆகியும் எதுவும் தெரியவில்லை என்றால் மட்டும் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

பயப்பட வேண்டியது கடைசி மாதங்களில். அப்போதுதான் “இடம் போதவில்லை”, “தலை இறங்கிவிட்டது” என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். இடம் குறைவதால் உதை புரளலாக மாறும், உண்மைதான். ஆனால் அசைவு குறையாது. பிரசவ வலியின்போதுகூடக் குழந்தை அசையும். 32 வாரம் வரை அசைவு கூடும், பிறகு அதே அளவில் நிற்கும். குறைந்தால், நஞ்சுக்கொடி வழியாக வரவேண்டியது சரியாக வராததால் குழந்தை தன் பலத்தைச் சேமித்துக்கொண்டிருக்கலாம். பெரியவர்கள் அன்பினால்தான் தைரியம் சொல்கிறார்கள், அது எனக்கும் தெரியும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் தயவுசெய்து தைரியம் சொல்லாதீர்கள்.

வேலையில் இருக்கும்போது அசைவு கவனத்துக்கு வராமல் போகலாம். சந்தேகம் வந்தால் கைவேலையை விட்டுவிட்டு இடப்பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். குழந்தை தூங்குவது 20 முதல் 40 நிமிடம், அரிதாகவே ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு தெரியவில்லை என்றால் கிளம்புங்கள். அசைவே இல்லை என்றால் எண்ணிக்கொண்டு படுத்திருக்க வேண்டாம், உடனே கிளம்புங்கள். ஜில்லென்று குடித்துப் பார்ப்பது, இனிப்பு தின்று பார்ப்பது, வீட்டில் வாங்கி வைத்த கருவியில் துடிப்பைக் கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவது, எதுவும் வேண்டாம். துடிப்பு கேட்கும் குழந்தையும் திணறிக்கொண்டிருக்கலாம். வண்டி இல்லையென்றால் 108 இருக்கிறது, நள்ளிரவிலும் வரும்.

வந்து பார்த்ததில் எல்லாம் சரியாக இருந்தால் மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போங்கள். அடுத்த வாரம் மறுபடி குறைந்தால், “போன வாரம்தானே பார்த்தார்கள்” என்று இருந்துவிடாமல் மறுபடி வாருங்கள்.