ரெசனன்ஸ்: ஒத்திசைவா, பரிவா, ஒத்ததிர்வா?

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியில், அக்காள் மகனும் நானும் கோடை விடுமுறையில் ஒரு டெஸ்லா காயில், அதாவது மிக உயர்ந்த மின்னழுத்தத்தை எழுப்பும் கம்பிச்சுருள், கட்டினோம். மோட்டார் பட்டறைக்காரர்கள் காயிலைக் 'கட்டுவது' என்றுதான் சொல்வார்கள். எங்களுக்கும் அதுவே வாயில் வந்தது. 75 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாயின் மேல் 0.2 மில்லிமீட்டர் எனாமல் கம்பி, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், 1000 சுற்று. கம்பி மட்டும் 230 மீட்டருக்கு மேல் போயிற்று. சுற்றி முடிக்கும்வரை அவன் பேச்சில் நொடிக்கொரு தரம் 'ரெசனன்ஸ்' வந்தது. அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று கேட்டான்.

இலத்தீனில் 'ரெசொனாரே' என்றால் மறுபடி ஒலித்தல். 'ரெ' என்பது மீண்டும், 'சொனாரே' என்பது ஒலித்தல். பிறப்பால் அது காதுக்குரிய சொல். எதிரொலிக்குப் பக்கத்து வீடு. ஆனால் எங்கள் சுருளில் ஓசைக்கு இடமில்லை. அதன் மின்தூண்டல் சுமார் 21 மில்லிஹென்றி. உச்சியில் வைத்த அலுமினிய வளையத்தோடு சேர்த்து மின்தேக்குதிறன் சுமார் 11 பிக்கோஃபாரட். இவை இரண்டும் சேர்ந்து அதற்கென்று ஓர் இயல்பு அதிர்வெண்ணை வகுத்துவிடுகின்றன: ஏறத்தாழ 330 கிலோஹெர்ட்ஸ். வெளியிலிருந்து வரும் உந்துதல் அந்த வேகத்தோடு பொருந்தினால் சிறு உந்துதல்களே சேர்ந்து பெரும் மின்னழுத்தமாகும். பொருந்தாவிட்டால் ஒன்றும் நடக்காது.

இந்தப் பொருத்தத்தைத்தான் தமிழ்ச் சொல் பிடிக்க வேண்டும். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் 'பரிவு' என்பார்கள். ஒன்று துடிக்க இன்னொன்றும் இரங்கித் துடிப்பது என்ற கருத்தில் மிக அழகான சொல். ஆனால் எந்த அளவில் பொருந்த வேண்டும் என்பதை அது சொல்வதில்லை. 'ஒத்திசைவு' இன்று மனிதர்களின் இணக்கத்துக்கும் எழுத்தின் கட்டுக்கோப்புக்கும் பரவிவிட்டது. தமிழ்நாட்டு இயற்பியல் நூல்களில் உள்ள 'ஒத்ததிர்வு' என்பதையே நான் எடுத்துக்கொள்வேன்.

ஒத்து + அதிர்வு. உகரம் கெட்டு ஒத்ததிர்வு. 'ஒத்து' நமக்குக் கைக்கு எட்டிய சொல். நெல்லையப்பர் கோயிலில் நாகசுரம் கேட்டவர்களுக்குத் தெரியும்: ராகம் எங்கே சுற்றினாலும் சுருதியை விடாமல் பிடித்து நிற்கும் துணைக்குழலின் பெயரே ஒத்து. மின்சாரத்தில் எது அதிர்கிறது, 'அலைவு' என்பதுதானே சரி என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் மின்சாரத்துக்கும் நாம் 'அதிர்வெண்' என்றே எழுதிப் பழகிவிட்டோம். அங்கே செல்லும் அதிர்வு இங்கேயும் செல்லும்.

இந்தச் சுருளை உருவாக்கிய நிக்கோலா டெஸ்லா 1891-இல் காட்டிய கருவியில் காற்றிடைவெளியில் பாயும் பொறிதான் மின்சுவிட்ச். அதில் உந்துதல் தரும் முதன்மைச் சுற்றையும், நாங்கள் 1000 சுற்றுச் சுற்றியது போன்ற துணைச் சுருளின் அதிர்வெண்ணுக்கு அளந்து அமைக்க வேண்டும். எங்களுடையது திண்மநிலை வகை: பொறியின் இடத்தில் மாஸ்ஃபெட் என்னும் குறைக்கடத்திகள். அருகே நிறுத்திய ஒரு சாண் கம்பி, துணைச் சுருளின் அலைவை வாங்கிச் சுற்றுக்குத் தரும். அந்தத் தாளத்துக்கே மாஸ்ஃபெட்டுகள் திறந்து மூடும்.

முதல் சோதனையில், மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக்கை மெல்ல ஏற்றினோம். அரை மீட்டர் தள்ளி நைலான் கயிற்றில் தொங்கவிட்ட டியூப்லைட்டில் அசைவே இல்லை. இன்னும் கொஞ்சம் ஏற்றலாம் என்றான் அவன். நான் தடுத்து, பிளக்கைப் பிடுங்கி, மின்தேக்கி இறங்கும்வரை காத்திருக்கச் சொன்னேன். சொல்லைப் பிரித்துப் பார்த்ததுதான் அப்போது உதவியது. அதிர்வு இருக்கிறது, ஒத்து இருக்கிறதா? வேகம் சரியாக இருந்தாலும் உந்துதல் தலைகீழாக விழுந்தால் அது அலைவை வளர்க்காது, அமுக்கிவிடும். முதன்மைச் சுருளின் இரு முனைகளையும் கழற்றி மாற்றி முடுக்கினான். மறுபடி ஏற்றியபோது, எந்தக் கம்பியும் தொடாத அந்த டியூப்லைட் நடுவிலிருந்து இரு பக்கமும் வெளுத்தது. வளையத்தின் விளிம்பில் விரல் நீளத்துக்கு ஊதா இழையொன்று சீறிக்கொண்டு நின்றது.